திருவாங்கூரா, திருவிதாங்கூரா

ஜூலை 8, திங்கள்
தென்காசியில் சாரல். காலை 6.40-க்கு ஒரு முடிவு எடுக்கப்பட்டது. பழைய சமஸ்தானம் பற்றி நான் எழுதிவரும் வரலாற்றில் இனி 'திருவாங்கூர்' கிடையாது. 'திருவிதாங்கூர்' மட்டும். பதினோரு வருடத் தயக்கம் தீர்ந்தது. இரண்டாவது காபி.

ஜூலை 9, செவ்வாய்
புளியறையிலிருந்து முருகையா வந்தார். சாலையோரம் இட்லிக் கடை, பின்னால் வீடு. சாலையை அகலப்படுத்துகிறார்கள். வீடு புறம்போக்கில் நிற்கிறதாம், நோட்டீஸ். தாத்தா பெயரில் சமஸ்தான காலத்துப் பத்திரம் இருக்கிறது, மலையாளத்தில். தமிழாக்கத்தோடு வெள்ளிக்குள் கொடுத்தால் இடிப்பது நிற்கும்.

"இங்கன மலையாளம் படிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான் அண்ணாச்சி. தாத்தா தமிழ்தான பேசுனாரு, பத்திரம் மட்டும் எதுக்கு மலையாளம் பேசுது?"

என் ஆறாவது அத்தியாயம் முழுக்க அதுதான். அவரிடம் சொல்லவில்லை.

மாலைக்குள் முடித்தேன். 'திருவிதாங்கூர்' ஏழு இடத்தில். கண்ணுக்கு லட்சணம்.

ஜூலை 11, வியாழன்
குற்றாலத்தில் வெள்ளம், குளிக்கத் தடை. வாங்க: பேனா மை, முழங்கால் தைலம்.

முருகையாவோடு தாலுகா அலுவலகம். புளியறையும் சேர்ந்த செங்கோட்டை 1956-ல் மலையாளப் பக்கமிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தபோது எழுதிய பதிவேட்டை எழுத்தர் விரித்தார். அதில் 'திருவாங்கூர்'.

"இதுல திருவாங்கூர் சர்க்கார். உங்க பேப்பர்ல திருவிதாங்கூர் சர்க்கார். எந்த சர்க்கார் சார் நெலம் குடுத்துச்சு?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"பொறவு எதுக்கு ரெண்டா எழுதுதீக?"

விளக்கினேன். இருபது நிமிடம், சமஸ்தானத்துக்கு முந்தைய வேணாட்டு அரசிலிருந்து தொடங்கி. வரிசையில் பின்னால் ஒரு குரல்: "ஏலே, அவரு இப்பதான் மூணாவது ராஜாவுக்கு வந்திருக்காரு. சொரண்டை பஸ்ஸு போயிரும்லே."

திருத்தி, நோட்டரி முத்திரையோடு கொண்டுவரச் சொன்னார் எழுத்தர்.

வெளியே முருகையா: "ஒரு எழுத்துக் கூடிப்போச்சு, அவ்வளவுதான அண்ணாச்சி?"

ஆமாம் என்றேன்.

ஜூலை 12, வெள்ளி
ஏழு இடத்திலும் திருத்தம். நோட்டரி கோர்ட்டில். மூன்றரைக்கு வந்தார். அலுவலகம் சேர 4.50. அதிகாரி முகாமுக்குப் போய்விட்டார். எழுத்தர் தாளை வாங்கவில்லை. "திங்கக்கெழம வாங்க. இப்ப சரியாத்தான் இருக்கு."

முருகையாவின் மனைவி போனில்: "அண்ணாச்சி, பீரோவ வெளிய எடுத்து வைக்கவா, வேண்டாமா? ஒரு வார்த்த சொல்லுங்க."

திங்கள் வரை பொறுக்கச் சொன்னேன்.

ஜூலை 13, சனி
சாரல் இல்லை. காலை பத்தேகாலுக்கு இடித்தார்கள். பீரோ உள்ளே இருந்தது.