தாவரவியல் பூங்காவில் மாப்பிள்ளை பார்த்தது

ஜூன் 5, புதன்

லேபில் இன்று முழுக்கப் பல்செட் வேலை. மெழுகை உருக்கி உருக்கிக் கண் எரிகிறது. மாலையில் அண்ணி போன் செய்தாள். ஒரு வரன் இருக்கிறதாம். மனைவியை இழந்தவர், லிஃப்ட் மெக்கானிக், பன்னிரண்டு வயதில் ஒரு மகள். நாற்பத்தாறு வயதில் அலங்காரம் பண்ணிக்கொண்டு யார் முன்னாலும் போய் உட்கார மாட்டேன் என்றேன். ஒரு தடவை உட்கார்ந்து, அது கோர்ட்டில் போய் முடிந்தது போதாதா?

"வீட்டுல வேணாம்னா தாவரவியல் பூங்காவுல பாரு. அவ்வளவு பெரிய இடம். பிடிக்கலைன்னா அப்படியே நடந்து தப்பிச்சுக்கலாம்" என்றாள்.

ஜூன் 9, ஞாயிறு

போய் வந்தேன். பள்ளியில் ஒருமுறை கூட்டிப் போனதோடு சரி, அது எவ்வளவு பெரியது என்பதே மறந்திருந்தது. கண்ணாடி வீட்டு வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. அங்கே கண்ணாடி வீடு இரண்டு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் பனை வகைகள் வளரும் பெரிய வீட்டு வாசலில் காத்திருந்தேன். ஆள் வரவில்லை, விட்டது தொல்லை என்று திரும்பினேன்.

வழியில் இருநூறு வருடத்து மரம் ஒன்று. கிளைகளுக்கு இரும்புத் தூண்களை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் மரத்தைப் படம் எடுக்க, ஒருவர் மட்டும் அண்ணாந்து தூணின் போல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். சந்தேகமே இல்லை, லிஃப்ட்காரர்தான். அவர் கள்ளிச்செடி வீட்டு வாசலில் நின்று அலுத்துப்போய் வந்திருக்கிறார்.

அதிகம் பேசவில்லை. "துணை வேணும்னு எல்லாரும் சொல்றாங்க. வேணும்தான். ஆனா அதை மத்தவங்க சொன்னா கோவம் வருது" என்றார். எனக்கும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜூன் 10

அண்ணியிடம் "பரவாயில்லை" என்றேன். அதற்குள் அண்ணன் மண்டபம் விசாரிக்கிறானாம்.

ஜூன் 23, ஞாயிறு

மறுபடி பூங்கா. அல்லிக் குளத்தைச் சுற்றி இரண்டு நடை. தாம்பாளம் போல இலைகள், விளிம்பு மடித்துத் தைத்த மாதிரி. அடுத்த வாரம் மகளை அழைத்து வரட்டுமா என்று கேட்டார். சரி என்று வாய் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்ததிலிருந்து, பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 30, ஞாயிறு

மகள் வந்தாள். வாயே திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டல். பிடிக்கவில்லை, அதைக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மூங்கில் பாதையில் எங்களை முந்திப் போனவள் திருப்பத்தில் காணாமல் போனாள். கூப்பிட்டுப் பார்த்தோம். பதில் இல்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. அவர் குளத்துப் பக்கம் ஓடினார், நான் மேட்டுப் பக்கம்.

பெரணிச் செடிகள் வளரும் நிழற்குடிலுக்குள் இருந்தாள். ஈரத் திண்டில் உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். முதலில் அவருக்குப் போன் செய்து, கிடைத்துவிட்டாள் என்றேன். பிறகு வாயைத் திறக்கச் சொன்னேன். பல்லுக்குப் போட்ட கம்பியின் நுனி பிடுங்கிக்கொண்டு கன்னத்தை உள்ளே கிழித்திருக்கிறது. எத்தனை நாளாக? "வியாழக்கிழமையிலருந்து."

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை?

"டாக்டர்னாலே அப்பாவுக்குக் கை நடுங்கும். அம்மாவுக்கு அப்புறம் அப்படித்தான்."

கையைக் கழுவிக்கொண்டு, வேலைப் பையில் கிடந்த மெழுகில் ஒரு துண்டு பிய்த்து உருட்டி, நுனியில் அமுக்கி வைத்தேன். நாளைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். நாக்கால் தடவிப் பார்த்தாள். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்து, "ஆனா நீங்க எங்க வீட்டுக்கு வர்றது எனக்குப் பிடிக்கல" என்றாள்.

"சரிம்மா" என்றேன். இவ்வளவு நேர்மையாக என்னிடம் யாரும் பேசியதில்லை.

ஜூலை 1

கம்பி விஷயத்தை நேற்றே அவரிடம் சொல்லியாயிற்று. மற்றதை இன்று போனில் சொன்னேன். அவள் மனம் மாறாமல் எதுவும் வேண்டாம், மாற வைக்கவும் வேண்டாம் என்றேன். "சரிங்க" என்றார்.

அண்ணி திட்டுகிறாள். வந்ததைக் கெடுத்துக்கொண்டேனாம்.

ஜூலை 14, ஞாயிறு

போன் இல்லை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. துணி துவைத்தேன், துவைத்ததையே மறுபடி துவைத்தேன். என்ன எதிர்பார்த்தேன்? நான்தானே வேண்டாமென்றேன். பைத்தியக்காரி.

ஜூலை 24, புதன்

மதியம் லேப் வாசலில் அவர். மேல் மாடி லிஃப்ட்டைப் பார்க்க வந்தாராம். இந்தக் கட்டிடத்தில் லிஃப்ட்டே கிடையாது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகளை டாக்டரிடம் கூட்டிப் போனாராம், கை நடுங்கத்தான் செய்ததாம், அவள் பிடித்துக்கொண்டாளாம். கல்யாணப் பேச்சை விட்டுவிடலாம், ஞாயிற்றுக்கிழமை நடப்பதையும் விட வேண்டுமா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மூன்று பேரும் நடந்தோம். இந்த முறை பேச்சு முழுக்க அவளுடையது. செத்தவர்கள் பல்லைப் பிடுங்கித்தான் பல்செட் செய்வதா என்று கேட்டாள். ஒரு நாள் லேபுக்கு வந்து பார் என்றேன். "பார்க்கலாம்" என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

செப்டம்பர் 15, ஞாயிறு

பூங்கா டிக்கெட்டுக்கு வாராவாரம் வரிசையில் நிற்க முடியவில்லை, வருட அட்டை வாங்கிவிடலாம் என்றார். கவுண்டரில் இருந்தவர் தனித்தனி அட்டையா, குடும்ப அட்டையா என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் கைப்பைக்குள் எதையோ தேடினேன்.

பின்னால் நின்ற மகள், "குடும்பம்னே போடுங்க. வெயில் அடிக்குது" என்றாள்.

போட்டுக் கொடுத்தார்.