பத்தியில் இல்லாதது

மார்ச் 4, செவ்வாய்

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண் வந்துவிட்டது. மோசம் என்று சொல்ல முடியாது, பெருமைப்படவும் ஒன்றுமில்லை. இங்கே, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கக்கூடிய மாலைக் கல்லூரிக்குக் கொஞ்சம் குறைகிறது. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போனால் வரும் ஊரில் இருக்கிற பகல் கல்லூரிக்குப் போதும்.

"பாஸா பெயிலா, அத மட்டும் சொல்லு" என்றான் அண்ணன். இந்தத் தேர்வில் அப்படி ஒன்று கிடையாது என்று விளக்கினேன். "அப்புறம் எதுக்கு அதுக்கு பரீட்சைன்னு பேரு?" என்று கேட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டான்.

அப்பாவிடம் சொன்னேன். "சரி" என்றார்.

அப்பா எல்லாவற்றுக்கும் சரிதான். போன வருஷம் மூளையில் ரத்தம் கட்டி, மருத்துவமனையில் கிடந்து திரும்பிய பிறகு கால் வந்துவிட்டது, கை பாதி வந்துவிட்டது, பேச்சு மட்டும் வரவில்லை. 'சரி' வரும். கோபம் வந்தால் 'சனியனே' வரும், பிசிறில்லாமல். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டிகளை அறிவித்தே ஓய்வு பெற்ற மனிதர். வீட்டில்கூட, "குளியலறை இன்னும் சற்று நேரத்தில் காலியாகும்" என்று அறிவித்துவிட்டுத்தான் தாழ்ப்பாள் போடுவார்.

இப்போது அவருக்காக நான் பேசுகிறேன். எந்தச் சரி ஆமாம், எந்தச் சரி வேண்டாம் என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மா இருந்திருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்கும்.

மார்ச் 6, வியாழன்

விதிகளைப் படித்தேன். மறுதேர்வு ஜூன் 15. கடைசியாக எழுதிய தேர்வின் மதிப்பெண்தான் செல்லும். அதாவது மறுபடி எழுதி இதைவிடக் குறைந்தால், இப்போது இருப்பதும் போச்சு. பகல் கல்லூரி தருகிற இடத்தை ஏற்கிறேனா என்று ஏப்ரல் 15-க்குள் சொல்லிவிட வேண்டும். ஏற்றுக்கொண்டால் மறுதேர்வு எழுத முடியாது.

அண்ணி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறாள். தினமும் பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களைச் சமாளித்துப் பழகியவள். "பிடுங்கறதா, அடைக்கறதா, சீக்கிரம் முடிவு பண்ணு. தள்ளிப்போட்டா வலிதான் மிச்சம்" என்றாள்.

எதற்குச் சட்டம் என்று கேட்பவர்களிடம் சும்மா ஒரு ஆசை என்று சொல்லி வைத்திருக்கிறேன். சும்மா இல்லை. வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு வருபவர்களுக்கு, 'தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று கடிதம் அனுப்புவது என் வேலை. ஒருநாளும் அங்கே யாரும் வருந்தி நான் பார்த்ததில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் போய், கடிதம் வாங்கினவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மார்ச் 9, ஞாயிறு

திருத்திய விடைத்தாளின் நகல் தபாலில் வந்திருந்தது. எங்கே கோட்டைவிட்டேன் என்று பார்க்க, அண்ணியைக் கேள்விகளை வாசிக்கச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே வாசித்தாள்.

பத்தி இது: கூரை ஒழுகுவதாகக் குடியிருப்பவர் புகார் சொல்கிறார். மறுநாளே வீட்டு உரிமையாளர் பழுது பார்க்க ஆள் அனுப்புகிறார். ஆள் வந்தபோது வீடு பூட்டியிருக்கிறது. இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது எது?

"குடியிருக்கறவரு வேணும்னே பூட்டிட்டுப் போயிட்டாரு" என்றேன்.

"அப்படி எங்க போட்டிருக்கு?"

"போடணுமா அண்ணி? ஒழுகுதுன்னு புகார் கொடுத்தவன் ஆள் வர்ற நேரத்துல ஏன் வெளிய போறான்? கூரை ஒழுகவே இல்ல. வாடகையக் குறைக்கப் பாக்கறான்."

"யாரு?"

"இந்தக் குடியிருக்கறவன்."

"அடியேய், அப்படி ஒரு ஆளே கிடையாது. இது நாலு வரி!"

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வெங்காயக் கண்ணீரும் சிரிப்புக் கண்ணீரும் சேர்ந்து வழிந்தது. என்ன கூத்து என்று எட்டிப் பார்த்த அண்ணனிடம், "உன் தங்கச்சி கேள்வித்தாள் மேலயே கேஸ் போடறா" என்றாள்.

சரியான விடை: 'புகாருக்குப் பிறகு உரிமையாளர் ஏதோ ஒரு நடவடிக்கை எடுத்தார்.' இவ்வளவுதானா! இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமா?

அந்தப் பகுதியில் நான் தப்பாக எழுதிய விடைகள் எல்லாம் இதே ரகம். பத்தியில் இருப்பதை விட்டுவிட்டு, இல்லாததைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

அந்தக் குடியிருப்பவன் பொய்தான் சொல்கிறான். எனக்கு இன்னும் சந்தேகமில்லை.

மார்ச் 14, வெள்ளி

அலுவலகத்தில் ஒரு கோரிக்கை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். அவருடைய கார் ஒரே இரும்புக் கதவில் இரண்டு முறை மோதியிருக்கிறது. எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ரப்பர் ஸ்டாம்ப். ஃபைலை என் மேசையில் போட்டு, "நீங்க பேசிப் பாருங்க. ஆள் வாயத் திறக்கும்போதே உங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்றார். புகழ்ச்சி. போன மாதம் என்றால் மனசு குளிர்ந்திருக்கும்.

போன் போட்டேன். அவர் ஆரம்பித்ததுமே, "முதல் மோதலோட பழைய அடியத்தான் ரெண்டாவதுல சேர்த்திருக்கீங்க, இல்லையா?" என்றேன்.

"மேடம், நான் சொல்லி முடிச்சிடறேனே."

முடிக்கட்டும் என்று விட்டேன். அடங்கிய குரலில் சொன்னார்: "அது எங்க வீட்டு கேட்டு. ஓட்டினது என் மனைவி. ரெண்டு தடவையும். ஊருக்கே சொல்லிக் கொடுக்கறேன், வீட்டுல மட்டும் நடக்கல. இத மட்டும் எழுதிடாதீங்க மேடம்."

எழுதத்தான் வேண்டியிருந்தது. கோரிக்கையை ஏற்கலாம் என்று பரிந்துரைத்தேன். ரப்பர் ஸ்டாம்ப் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மார்ச் 22, சனி

அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா சனிக்கிழமைகளில் வருவார். இன்றைக்குப் படம் போட்ட அட்டைகள். ஒன்றை எடுத்து நீட்டி, "இது என்னங்க ஐயா?" என்றார்.

அப்பாவின் உதடு குவிந்தது. விரிந்தது.

"குடை" என்றேன்.

அட்டையைக் கீழே வைத்தார். "உங்களயா கேட்டேன்?"

"அவருக்குத் தெரியுங்க. சொல்ல வரல, அதான்..."

"சொல்ல வர்றதுக்கு முன்னாடி நீங்க வந்துடறீங்களே. இத்தனை வாரமா பாக்கறேன். நீங்க பக்கத்துல இருந்தா அவரு முயற்சியே பண்றதில்ல. எதுக்குப் பண்ணணும்? ஆள் வச்சிருக்காரே!"

என்னை பால்கனிக்குப் போகச் சொல்லிவிட்டார். என் வீட்டில், என் அப்பா பக்கத்திலிருந்து. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் நின்றேன். உள்ளே அப்பாவின் வாய் திறந்து திறந்து மூடியது. வெகுநேரம். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அந்த அம்மா கை தட்டியது மட்டும் தெரிந்தது.

மார்ச் 23, ஞாயிறு

வந்துட்டாங்க சொல்றதுக்கு. வாரத்துல ஒரு நாள், ஒரு மணி நேரம். மீதி நாளெல்லாம் யாரு பாக்கறா? தண்ணி வேணுமா, விளக்க அணைக்கணுமா, வயிறு சரியில்லையா - யாருக்குத் தெரியும்? அண்ணனுக்கா? அப்பா சட்டையத் தேடினா அவன் செய்தித்தாள எடுத்துக் கொடுப்பான்.

நான் உதவிதானே பண்ணேன். அது தப்பா?

தப்பா?

ஏப்ரல் 3, வியாழன்

அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு, பகல் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் போனேன். பழைய கட்டடம். படிக்கட்டு நடுவில் தேய்ந்திருக்கிறது. விடுதி அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. எழுந்து வர மனசில்லை. இதை வீட்டில் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

திரும்பி வந்ததும் அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "நேத்து மாமாக்கு என்னமோ வேணும்னாரு. எனக்கு ஒரு எழவும் புரியல. டிவியா, போர்வையா, மாத்திரையா, எல்லாத்துக்கும் சரிங்கறாரு. நான் முழிக்க, அவரு முழிக்க, சனியனேன்னு வேற வாங்கிக் கட்டிக்கிட்டேன். கடைசில என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன?"

"ஜன்னல்! ஜன்னல சாத்தணுமாம். சுத்தமா வந்துச்சு, ஜ-ன்-ன-ல்!"

அண்ணி குதிக்காத குறை. அப்பா நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். நானும் சிரித்தேன். உள்ளே எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் இருந்திருந்தால் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஜன்னலைச் சாத்தியிருப்பேன். அவருக்கு அந்த வார்த்தை கிடைத்திருக்காது.

ஏப்ரல் 8, செவ்வாய்

மாதிரித் தேர்வு ஒன்றை நேரம் வைத்து எழுதினேன். பத்தியில் இருப்பதை மட்டும் நம்பினேன். மாலைக் கல்லூரிக்கு வேண்டியதைவிட நன்றாகவே வந்திருக்கிறது.

"அப்புறம் என்ன? ஜூன்ல ஊதித் தள்ளிடுவ. இங்கயே படி, வேலையும் போகாது" என்றான் அண்ணன். நியாயம்தான். போன மாதம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கேட்டது கிடைக்கப்போகிறது, எனக்கு ஏன் சந்தோஷமாக இல்லை?

ஏப்ரல் 12, சனி

வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா என்று இந்த வாரம் முழுக்க முயற்சி செய்தேன். இங்கேயே இருந்து படிப்பதென்றால் அது முடிய வேண்டும்.

முடியவில்லை. காலையில் அப்பா "சீ... சீ..." என்று ஆரம்பித்ததும் என் கை சீப்பை எடுத்து நீட்டிவிட்டது. வாயைத்தான் கட்டினேன், கையைக் கட்ட மறந்துவிட்டேன். அப்பா வாங்கித் தலையை வாரிக்கொண்டார். அவர் முகத்தில் நிம்மதி. என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும்.

ஏப்ரல் 14, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். மறுதேர்வு இல்லை. பகல் கல்லூரியின் இடத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

அப்பாவுக்காகத்தான் போகிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன். "நாற்காலிக்காகவும்" என்று சொல்லவில்லை. "உனக்காகப் போனாலும் நாங்க ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டோம்" என்றாள். பல் டாக்டர் வாசலிலேயே உட்கார்ந்திருப்பவளிடம் வாயை மூடிக்கொண்டிருந்து பயனில்லை.

அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். "அந்த ஊருக்கே போய்ப் படிக்கட்டுமாப்பா?"

"சரி."

ஆமாம் என்கிற சரிதான். எனக்குத் தெரியாதா?

ஜூன் 2, திங்கள்

முதல் வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றாள். ஜன்னலோர இடம். சுண்ணாம்பு வாசனை. ஒன்றும் மோசமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைக்கு அந்த மறுதேர்வு. விடுதிக்கு எதிரே இருக்கும் பள்ளியும் ஒரு தேர்வு மையம். பேனாவைக் கடித்தபடி நிறையப் பேர் உள்ளே போனார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணியின் எண்ணிலிருந்து போன். "மாமா பேசணுமாம். ரொம்ப நேரமா போனயே காட்டிட்டு இருக்காரு" என்று சொல்லி அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

மூச்சுச் சத்தம். என் நாக்கு நுனியில் நாலைந்து வாக்கியம் தயாராக நின்றது: சாப்பிட்டேன்ப்பா, நல்லா இருக்கேன்ப்பா, அடுத்த மாசம் வர்றேன்ப்பா. எதுவும் சொல்லவில்லை. தெருவில் தேர்வு மையத்தின் கதவைச் சாத்தினார்கள்.

"ப... பரீட்சை" என்றார் அப்பா. மறுபடியும் மூச்சு. "நீ... எழுதலையா?"

இந்த ஒரு வருஷத்தில் அப்பா யாரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. பதில் மட்டும்தான், அதுவும் ஒரே பதில். அந்தத் தேதியை நினைவில் வைத்து, காலையிலிருந்து வார்த்தைகளைச் சேர்த்து, கேட்கிறார். நான் மறுபடி எழுதி வீட்டுக்கே திரும்பிவிடுவேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார் போல. இல்லை, அதுவும் பத்தியில் இல்லை. எழுதலையா என்று கேட்டார். அதுதான் இருக்கிறது.

"எழுதலப்பா."

"சரி."

எந்தச் சரி? குரலை வைத்துப் பிடித்துவிடலாம் என்று பார்த்தேன். பிடிபடவில்லை. முதல் தடவையாக எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை எப்போதுமே தெரிந்ததில்லையோ என்னவோ.

"எந்தச் சரிப்பா?" என்று கேட்டேன்.

காத்திருந்தேன். அந்தப் பக்கம் அண்ணி ஏதோ சொல்ல வந்தாள். "சனியனே" என்று அவளை அடக்கினார். ஒரு எழுத்து பிசகவில்லை. பிறகு மறுபடியும் மூச்சு, மறுபடியும் உதட்டுச் சத்தம்.

"வ... வருத்த... சரி" என்றார்.

அழுகை வந்தது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன். வருத்தப்படாதீங்கப்பா என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவர் இன்னும் முடிக்கவில்லை என்று தோன்றியது.

"படி" என்றார்.

போன் அண்ணியின் கைக்குப் போனது. அங்கே மழையாம், மாடியில் துணி நனைகிறதாம், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். நான் கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு அறைக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தேன்.