நிக்கலசின் மடியில் போட்ட துவாய்

கொட்டாஞ்சேனை,
12.3.1997

அன்பு மகள் பிலோமினாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் மூச்சோடு இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் கேட்டுக்கொள்கிறேன். நீ போனில் கேட்ட வழக்கு விஷயத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. துறைமுகத்தில் அந்தக் கம்பனியின் கிரேன் கம்பி அறுந்து உன் தம்பி நிக்கலசின் முதுகு முறிந்து, கால் இரண்டும் விளங்காமல் போய் மூன்று வருடமாகிறது, போன வியாழன்தான் புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கை விசாரணைக்கு எடுத்தார்கள். முந்திய தவணைகள் எல்லாம் குண்டு வெடித்தது, ரோட்டை மூடியது என்று தள்ளிப் போனவை. பிச்சைக்காரன் மாதிரிப் போகக் கூடாதென்று உன் கலியாணத்துக்குத் தைத்த சூட்டைப் போட்டு, சவரம் செய்து, பவுடரும் பூசிவிட்டேன். சலம் போகிற குழாயும் பையும் தெரியாமல் மடியில் பெரிய துவாயைப் போட்டு மூடினேன். வழியில் ஆமிக்காரன் நாங்கள் போன வானை மறித்து, எந்தச் சண்டையில் காயப்பட்டாய் என்று கேட்டு, குண்டு இருக்கிறதா என்று துவாயைத் தூக்கினான். பையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகச் சொன்னான். நான் திரும்பவும் மூடிவிட்டேன்.

அங்கே கம்பனியின் லோயர் தம்பியைக் காட்டி, ஆள் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார், மேசையில் இருந்து ஏதும் வேலை செய்யலாம்தானே என்றார். நம் லோயர் இராஜநாயகம் என்னைச் சாட்சிக் கூட்டில் ஏற்றி, மகனுக்கு நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சாப்பாடு கொடுப்பேன், உடம்பு துடைப்பேன் என்றேன். வேறென்ன, வேறென்ன என்று அவர் கேட்கக் கேட்க நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். மலம் எடுப்பதையும் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுவதையும் அத்தனை சனத்துக்கு முன்னால் நான் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் திருப்பிச் சொல்ல, அவன் இரண்டு தரம் கேட்க வேண்டும். வேறொன்றும் இல்லை என்றுவிட்டேன். நட்டஈடு கிடைத்தால்தான் எனக்குப் பிறகு இவனைப் பார்க்க ஓர் ஆளை வைக்கலாம், அது தெரிந்தும் வாய் வரவில்லை பிள்ளை. வழக்கை ஜூனுக்குத் தள்ளினார்கள், அன்றைக்கும் என்னைத்தான் கேட்பார்களாம். இராஜநாயகம் ஏசவில்லை, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் சூட்டைக் கழற்றும்போது தம்பி சொன்னான், "அடுத்த தவணைக்கு நான் வீட்டில கட்டுற சாரத்தோட வாறன் அம்மா. துவாய் வேண்டாம். நீங்கள் எல்லாத்தையும் சொல்லுங்கோ, நான் கேட்டுக்கொண்டு இருப்பன்." சூட்டை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டேன்.

தபசுகாலம் என்று ஒருசந்தி பிடித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மாதா உங்கள் இருவரையும் ஆசீர்வதிப்பாராக. தவணை நாளைப் போனில் சொல்கிறேன், மறக்காமல் அன்று அங்கே கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்து. வழக்கு வெல்வதற்கு வேண்டாம், எனக்கு வாய் வருவதற்கு.

உன் அம்மா
மாக்ரெட்