மீட்டர் கண்ணாடியில் பொட்டு

செப்டம்பர் 1, 2025, திங்கள்

முதல் தேதி. என் கெடுபிடி ஆரம்பம். நான் சேஃப்டி ஆபீசராக இருக்கும் கம்பெனியில் மாதம் பிறந்தால் தீயணைப்பான், முகமூடி, விசில் எல்லாவற்றையும் சரிபார்ப்போம். அந்தப் பழக்கம் குடிகாடு வீடு வரைக்கும் என்னோடு வந்துவிட்டது. டார்ச் எரிகிறது. காரில் இருக்கும் முதலுதவிப் பெட்டியில் டெட்டால் காலி. வீட்டுக்காரர் எழிலன் ஷேவிங்குக்கு எடுத்திருக்கிறார். கேட்டால், “ஆபீசரம்மா ரெய்டுக்கு வந்துட்டாங்க” என்று கிண்டல்.

மாமனாரின் சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரில் மீட்டர் முள் பச்சையில் நிற்கிறது. பண்ருட்டியில் முந்திரி வறுக்கும் புகையிலேயே கெட்டுப்போன நெஞ்சு மாமாவுடையது. வீட்டில் கரண்ட்டில் ஓடும் மெஷின் இருக்கிறது. கரண்ட் போனாலும், சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்தச் சிலிண்டர்தான் மூச்சு. மற்றதெல்லாம் என் கிறுக்கு என்றே இருக்கட்டும். இது அப்படியில்லை.

செப்டம்பர் 17

கரண்ட் போய் வந்தது. மாமா மூக்கில் குழாயோடு முறுக்கு கேட்டார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. என் முதல் தேதியும் இதுவும் ஒன்றாக வந்து தொலைத்தன. அத்தை விடிந்ததும் சந்தனம் குழைக்க உட்கார்ந்தார். கார், மிக்ஸி, லேப்டாப் ஒன்றும் தப்பவில்லை. சிலிண்டருக்குச் சாமந்தி மாலை. மீட்டரின் வட்டக் கண்ணாடி அவருக்கு நெற்றி மாதிரி தெரிந்திருக்க வேண்டும். அதை நிறைத்துச் சந்தனம் அப்பி, நடுவில் பெரிதாகக் குங்குமம். முள் தெரியவே இல்லை.

துணியை எடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவுரு மூச்சுக்கு வெச்ச பொட்டும்மா. அத அழிப்பியா நீ?”

பொட்டை அழிப்பது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்த பிறகு நான் என்ன பேசுவது? எழிலனைப் பார்த்தேன். அவர் பொரிகடலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 5

தானாக உதிரும் என்றிருந்தேன். எங்கே உதிர? தினமும் குளித்துவிட்டு வந்து, தன் நெற்றிக்கு வைத்த கையோடு சிலிண்டருக்கும் புதிதாக வைக்கிறார்.

வால்வைத் திறந்து பார்த்தேன். புஸ் என்றது. இருக்கிறது. எவ்வளவு? சத்தத்துக்கு அளவு ஏது? கம்பெனிச் சுவரில் ‘மீட்டரை மறைக்காதீர்’ என்று போர்டு மாட்டியவள் நான். வீட்டில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

மழை. மத்தியானம் முழுக்கக் கரண்ட் இல்லை. சிலிண்டர்தான் ஓடியது. மாற்றித் தரச் சொல்லி, கடலூரில் வாடகைக்கு விடும் அந்தோணிசாமிக்குப் போன் போட்டேன்.

“முள்ளு எங்க நிக்குது மேடம்? பாதிக்கு மேல இருந்தா திங்கக்கெழம மாத்திடலாம். இப்ப ஆளு இல்ல.”

அத்தை பக்கத்திலேயே நின்றார். பொட்டைத் துடைக்க வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அதட்டியிருந்தால் நானும் எகிறியிருப்பேன். கெஞ்சுகிற முகத்தை என்ன செய்வது?

“பாதி இருக்கும்” என்றேன்.

இருக்குமா?

அக்டோபர் 12, ஞாயிறு

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நேற்றுக் காலை மாமாவுக்கு இழுப்பு ஜாஸ்தியானது. “இத்தன நாளா பாக்குற டாக்டரு சிதம்பரத்துலதான இருக்காரு, நேரா அங்கயே போயிடலாம்” என்று எழிலன் காரை எடுத்தார். மாமா நடுவில், நானும் அத்தையும் இரண்டு பக்கம். காலடியில் சிலிண்டர், அன்றைய புதுக் குங்குமத்தோடு. ஆலப்பாக்கம் தாண்டும்வரை மாமா பேச்சுக் கொடுத்தார். புதுச்சத்திரம் தாண்டியதும் குழாயில் சத்தம் நின்றுபோனது.

வால்வைத் திருகினேன். இன்னும் திருகினேன். ஒன்றுமில்லை — காற்றே இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன், வருகிறோம் என்றார்கள். முன்னால் ஒரு கரும்பு லாரி வழியை அடைத்துக்கொண்டு போனது. எழிலன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தார்.

காரில் தீயணைப்பான் இருந்தது. டார்ச் இருந்தது. விசில், கட்டுத்துணி, புது டெட்டால், எல்லாம் நான் பார்த்துப் பார்த்து வைத்தவை. எதை எடுத்து என்ன செய்ய? சொல்லு, என்ன செய்ய?

“ஜன்னலத் தொறம்மா கயலு” என்றார் மாமா.

எல்லா ஜன்னலும் திறந்துதான் இருந்தன. திறந்துட்டேன் மாமா, திறந்துட்டேன் மாமான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். வேற என்ன சொல்றது?

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தயாராக நின்றது. அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

அக்டோபர் 20

தீபாவளி. எங்கள் வீட்டில் இல்லை.

நவம்பர் 1, சனி

முதல் தேதி. எதையும் சரிபார்க்கவில்லை. டார்ச்சைக்கூட.

அந்தோணிசாமி சிலிண்டரை எடுத்துப்போக வந்தார். ஐயா எப்படி இருக்கார் என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், மாலை போட்ட படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு மீட்டரைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கலாம்.

“இருப்பா, தொடச்சிக் குடுக்குறேன்” என்று அத்தைதான் எழுந்து வந்தார். துணியை நனைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். காய்ந்த சந்தனம் லேசில் போகவில்லை, நகத்தால் சுரண்டினார். நான் வாங்கப் போனேன், தரவில்லை. கண்ணாடி சுத்தமானது. முள் சிவப்புக்கும் கீழே, பூஜ்யத்தில் படுத்திருந்தது.

“இப்பத் தெரியுதும்மா” என்றார்.

நிமிர்ந்து அவர் நெற்றியைப் பார்க்க என்னால் முடியவில்லை. துணியை வாங்கிக்கொண்டு போய் அலசிக் காயப்போட்டேன்.