மூன்று ஊதல்களில் உயர்ந்தது

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதும் கடிதம் இது. நடந்ததை நடந்தபடி, சொன்னதைச் சொன்னபடி, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று முதலிலேயே உறுதி சொல்லிவிடுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறோம், இது அம்மாவின் வாசகம். அம்மா ஏன் தானே எழுதவில்லை என்று பதறாதே. திங்கட்கிழமை சூடான ரொட்டித் தட்டைத் துணி இல்லாமல் பிடித்துவிட்டாள், வலது கையில் மூன்று விரல்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. பொட்டலம் கட்டும் அறையில் இருப்பவளுக்கு அடுப்புப் பக்கம் என்ன வேலை என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். போனிலேயே பேசிவிடலாமே என்றேன். "போன்ல பேசினா உங்கக்கா நான் சொல்றத எங்க கேக்குறா, என் மூச்சத்தான் கேக்குறா, நடுவுல ஒரு இருமல் வந்தா போதும், எதுக்குக் கூப்பிட்டேங்கறதே மறந்துபோகுது" என்றாள். அதனால்தான் கடிதம். ரொட்டிக் கூடத்தில் ஐந்து மணிக்கு வேலை முடிந்துவிட்டது, அப்பா கடைகளுக்கு ரொட்டி இறக்கிவிட்டு வண்டியோடு ஆறு மணிக்கு வருவார், அதுவரை நாங்கள் இருவரும் இந்த நீள மேசையில் உட்கார்ந்திருக்கிறோம். மேற்பார்வையாளர், அதுதான் நம் சாவிக்கொத்து, ஆறு அடித்தால் விளக்கை அணைத்துப் பூட்ட ஒரு நிமிஷம் பொறுக்கமாட்டார் என்று உனக்குத் தெரியும்.

முதலில் எழுதச் சொன்னது, வியாழக்கிழமை வந்த உன் கடிதத்தை அம்மா மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள் என்பது. ஏழு வருஷமாக ஆஸ்துமாவையும் ஒவ்வாமையில் வீங்கும் நுரையீரலையும் ஆராய்ந்த உனக்கு இப்போதுதான் உன் பொறுப்பிலேயே ஓர் ஆய்வு கிடைத்திருக்கிறது, ரொட்டிக் கூடங்களில் வேலை செய்யும் நூறு பேரை ஒரு வருஷம் தினமும் ஊதுகுழாயில் ஊதச் சொல்லி, மாவுத் தூள் அவர்கள் மூச்சுக்குழாயை என்ன செய்கிறது என்று பார்க்கப் போகிறாய், ஆனால் அம்மாவின் ஊதல் எண்கள் ஏழு வாரமாக இறங்கியே இருப்பதால் அதை வேண்டாம் என்று பேராசிரியையிடம் சொல்லிவிட்டு மாதக் கடைசியில் இங்கே வந்து ஒரு வருஷம் அம்மாவோடு இருக்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். அதற்கு அம்மாவின் பதில், வா என்பது. யோசிக்காமல் வா, உன் கட்டிலுக்குப் புது மெத்தை சொல்லியாயிற்று, சின்னவள் தன் புத்தகங்களை எடுத்துக்கொள்ளட்டும். இன்னும் சொன்னாள். "அந்தப் பேராசிரியம்மா நீ அனுப்பின படத்துல உன் தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கறாங்க, பெத்தவ மாதிரி. நல்லவங்கதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்தக் கைய எடுத்தா நல்லா இருக்கும்னு தோணுது." இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுது, மனசில் இருப்பதுதானே என்றாள். பிறகு அந்த நூறு பேரைப் பற்றி. "நான் இருமி இருமித்தான் நீ இந்தப் படிப்புக்கே போன. இப்ப ஊரார் நூறு பேரு ஊதுவாங்க, நீ பக்கத்துல உக்காந்து கேப்ப. என் ஊதல ஒரு நாளாவது பக்கத்துல உக்காந்து பாத்தியா நீ. எனக்கு அந்த நூறு பேரு மேலயும் வயிறு எரியுது பெரியவளே, முகம் தெரியாதவங்க மேலகூட எரியும்போல." இதைச் சொல்லிவிட்டுக் கட்டுப்போட்ட கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

அக்கா, இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தேன். கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு மேலே எழுத முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஊதலைப் பார்த்தவள் நான்தான். மூன்று வருஷமாக, காலையில் பல் தேய்க்கும் முன்பு, மூச்சின் வேகத்தைக் காட்டும் எண் போட்ட ஊதுகுழாயை அம்மாவின் கையில் கொடுத்து, மூன்று தடவை ஊதச் சொல்லி, மூன்றில் உயர்ந்ததை ஊதல் நோட்டில் எழுதி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை பக்கத்தைப் படமெடுத்து உனக்கு அனுப்புகிறேன். முதல் ஊதல் அம்மாவுக்கு வெறும் வெள்ளோட்டம், தூக்கக் கலக்கத்தில் பாதிக் காற்று ஓரத்தில் போய்விடும், முந்நூறைத் தொடாது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதுதான் ஊதல். அதனால்தான் மூன்று, அதனால்தான் உயர்ந்தது, நீயே சொல்லிக் கொடுத்தாய். நீ இரண்டு மாதத்துக்கு முன்னால் புது முகமூடியும், தூசு புகாத தலையணை உறையும் அனுப்பினாயே, அதைப் பொட்டலம் கட்டுகிற பெண்கள் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், பெரியவள் அனுப்பியது, பெரியவள் அனுப்பியது என்று அம்மா ஒரு வாரம் வேறு பேச்சே பேசவில்லை. அந்த வாரம்தான் மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் என் நோட்டைப் புரட்டினார், நான் கோடு போட்டு, மூன்று நிறப் பென்சிலில் எழுதிய நோட்டு, எல்லா எண்ணும் நல்ல எண். புரட்டி முடித்துவிட்டு அம்மாவிடம், "உங்க பெரிய பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரிம்மா" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். நோட்டு என் மடிமேல் வந்து விழுந்தது.

மறுநாளிலிருந்து நான் மூன்றில் குறைந்ததை எழுதினேன். பொய் எண் ஒன்றுகூட எழுதவில்லை, எல்லாம் அம்மா ஊதியதுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உன் முகமூடியும் உறையும் ஒன்றுக்கும் உதவவில்லை என்று நீ ஒரு தடவை நினைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. நீ வேலையை விட்டு வருவாய் என்று நான் நினைக்கவே இல்லை. வியாழக்கிழமை உன் கடிதத்தை அம்மாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டியதும் நான்தான். நீ வந்தால் நோட்டு உன் கைக்குப் போய்விடும், கட்டிலும் போய்விடும் என்று அப்போதும் ஒரு மூலையில் எரிந்தது, அதையும் மறைக்கவில்லை.

மேலே உள்ள இரண்டு பத்தியையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா மேசையில் ஒட்டியிருந்த பசைத்தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "படிக்காத திருடியா இருந்தா பொய்யா ஒரு எண்ண எழுதுவா. நீ படிச்ச திருடி, உண்மையிலயே பொறுக்கி எடுத்து எழுதியிருக்க." அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. பையைத் திறந்து ஊதுகுழாயை எடு என்றாள். நின்றுகொண்டு இடது கையால் பிடித்து ஊதினாள். முதலில் முந்நூற்றுப் பத்து. இரண்டாவது முந்நூற்று அறுபது. மூன்றாவதை ஊதிவிட்டு என் முகத்தைத்தான் பார்த்தாள், கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எண் தெரியாது. முந்நூற்று எண்பத்தைந்து, அம்மா, இதுவரைக்கும் வராத எண் என்றேன். அம்மா உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத் தெரியும்" என்றாள். போன வாரம் மேல்மாடிக்கு இரண்டு தடவை அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டு ஏறினாளாம், நடுவில் நிற்கவே இல்லையாம், நெஞ்சில் விசில் சத்தமும் இல்லையாம். "நல்லாத்தான் இருக்கேன்னு நெஞ்சு சொல்லுச்சு, இல்லன்னு நோட்டு சொல்லுச்சு. நோட்டு சொன்னாத்தானே பெரியவ வருவா, அதனால நான் நெஞ்ச வாய மூடிக்கிட்டுக் கிடன்னு சொல்லிட்டேன். இவள மட்டும் சொல்லி என்ன, தாயும் மகளுமாச் சேந்துதான் உன்ன ஏமாத்தியிருக்கோம்." இதை எழுதுடி, என் வாயால் சொன்னதாக எழுது என்று இரண்டு தடவை சொன்னாள். எழுதிவிட்டேன்.

இனி வருவது அம்மா கடைசியாகச் சொன்னது. வராதே. மேலே வா என்று எழுதியதை அடிக்க வேண்டாம், நான் ஆசைப்பட்டது உனக்குத் தெரியட்டும், ஆனால் வராதே. பேராசிரியையிடம் சரி என்று சொல். அந்த நூறு பேரையும் ஊதச் சொல், வேலை முடிந்ததும் பத்து நாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் ஊதலைப் பார், நூற்றொன்றாவதாகப் பார்த்தாலும் போதும். அந்தப் பேராசிரியம்மா குளிருக்குக் கழுத்துத் துணி தந்தால் வாங்கிக்கொள், வேண்டாம் என்று சொல்லாதே. மருந்தைக் கூட்டச் சொல்லி மருத்துவருக்கு நீ எழுதியதை வேண்டாம் என்று சொல்லிவிடு, வரும் திங்கட்கிழமை நாங்களே நோட்டோடு போய் நடந்ததைச் சொல்கிறோம். சின்னவளைத் திட்டாதே, நோட்டைப் பிடுங்கவும் மாட்டேன், அவளைவிட நன்றாக யார் கோடு போடுவார்கள். நீ எடுத்த வேலை ஒன்றும் தட்டாமல் கைகூடட்டும், நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல் இரு.

ஒரு நினைவூட்டல், இது என்னுடையது அக்கா. அந்த நூறு பேர் வீட்டிலும் நோட்டு எழுத ஒருத்தி இருப்பாள். யாருக்குக் கெட்டிக்காரி என்று பெயர் போகிறதென்று பார்த்துக்கொண்டே எழுதுவாள். அதனால் உயர்ந்ததை மட்டும் எழுதச் சொல்லாதே, மூன்றையும் எழுதச் சொல், உயர்ந்ததை நீயே தேர்ந்தெடுத்துக்கொள். இன்று முந்நூற்றுப் பத்து, முந்நூற்று அறுபது, முந்நூற்று எண்பத்தைந்து. இந்தப் பக்கங்களை அப்பா வந்ததும் அவர் போனில் படமெடுத்து இன்றே அனுப்பிவிடுவேன், நீ பேராசிரியையிடம் பேசும் முன் வந்து சேர வேண்டும், தாள் பின்னால் வரும். கீழே கோணலாக இருப்பது அம்மா இடது கையால் போட்ட கையெழுத்து, ரொம்ப நேரம் எடுத்துப் போட்டாள், சாவிக்கொத்து வாசலில் நின்று சாவியைக் குலுக்கியும் அவசரப்படவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா

எழுதியவள் சின்னவள். இந்த வரியை எழுதும்போது அடுப்புப் பக்கத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள், இப்போது எங்கள் மேசைமேல் இருந்ததையும் அணைத்துவிட்டார்கள்.