கோணல் கால் கோழி

நவம்பர் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. நமுனுகுல மலை தெரியவில்லை. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி. ஆனாலும் பிள்ளை மடுவத்துக்குப் போனேன். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகள் பதினொன்று, பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி. சாயங்காலம் குளிர் நடுக்கம். கஞ்சி வேண்டாம், படுக்கை போதும்.

5, செவ்வாய்

காய்ச்சல். லீவு சொல்லியாச்சு. கொழும்பிலிருந்து இவர் போன். கடையில் லீவு தரமாட்டார்களாம். "கோழி சூப் வச்சுக் குடி, சரியாயிரும்." யார் வைப்பது? 

மல்லித் தண்ணி. மாத்திரை இரண்டு. ஊறப்போட்ட துணி அப்படியே.

சுவருக்கு அந்தப் பக்கம் புஷ்பம், இவருடைய தம்பி பெண்டாட்டி. நான் இருமுவது கேட்டிருக்கும். ஆறு மாதமாகப் பேச்சில்லை. அவள் கோழி என் லீக்ஸ் பாத்தியைக் கிளறியது. கல் எறிந்தேன். கால் ஒடிந்துவிட்டது. விரட்டத்தான் எறிந்தேன். அதைப் போய்ச் சொல்ல வாய் வரவில்லை, அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

6, புதன்

மழை விட்டும் விடாமலும். வாசலில் கொழுந்தன், மூடிய சட்டியோடு. சுத்தம் பண்ணி வெட்டிய கோழி. "அவதான் குடுத்தா மதினி. நான் குடுத்தேன்னு சொல்லச் சொன்னா." பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டேன். மஞ்சள். லீக்ஸ் அதே பாத்தியிலிருந்து. தேயிலைச் செடி வெட்டிய மிலாறு விறகு ஈரம், ஊதி ஊதி மூச்சு வாங்கியது. நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். கடைசியில் வெங்காயம் தாளித்துக் கொட்டினேன்.

கிண்ணத்தில் கால் எலும்பு வந்தது. ஒடிந்த இடம் முடிச்சு விழுந்து, கோணலாகக் கூடியிருந்தது. அதே கோழி. முட்டை இடுகிற கோழி. அழுதேன். சூப் நன்றாக இருந்தது. அடைத்த மூக்கு விட்டது. இன்னொரு கிண்ணம் குடித்தேன்.

7, வியாழன்

நெஞ்சில் ஏழு நீர்க்கொப்புளம். அம்மை. அம்மா இறங்கியிருக்கிறாள்.

அம்மா வந்த வீட்டில் அடுப்பில் தாளிப்புச் சத்தமே கேட்கக்கூடாது. நான் கோழி வேக வைத்து, தாளித்து, இரண்டு கிண்ணம் குடித்திருக்கிறேன். எனக்கு அறிவு எங்கே போச்சு? இரண்டு வாரத்துக்கு முன் மடுவத்தில் ஒரு குழந்தையின் கழுத்தில் புள்ளி. பூச்சிக்கடி என்றாள் தாய். தலையாட்டிவிட்டேன். காய்ச்சல் வந்ததுமே நினைத்திருக்க வேண்டும்.

எட்டிப் பார்த்த கொழுந்தனிடம் அம்மை என்றேன். மிச்ச சூப்பைக் கொட்டினேன். சட்டியைத் தேய்க்கத் தெம்பில்லை.

9, சனி

கண் விழித்தால் வாசலில் வேப்பிலை. இந்தக் குளிரில் வேம்பு வராது. மொனராகலை பஸ்காரரிடம் சொல்லி வரவழைத்திருக்கிறாள் புஷ்பம். சட்டி தேய்த்துக் கவிழ்த்திருந்தது.

கால்மாட்டில் நின்று கும்பிட்டாள். "தாயே, கோவிச்சுக்காத. தெரியாமக் கறி குடுத்துட்டேன்."

அம்மாவிடம் பேசுகிறாள், என்னிடம் இல்லை. ஆனால் என் வாயால்தானே பதில் வரவேண்டும்? "கோவமில்ல" என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

14, வியாழன்

அரிப்பு. மோர், இளநீர், கூழ். எல்லாம் புஷ்பம். தினமும் தாயே, தாயே. ஒருநாள்கூட அக்கா என்று வரவில்லை.

மூன்றாம் தண்ணி செவ்வாய்க்கிழமை ஊற்றலாமாம். தண்ணி ஊற்றினால் அம்மா போய்விடுவாள். இவளும் அதோடு பேச்சை நிறுத்திவிடுவாளோ. அரிப்பைவிட இதுதான் தாங்கவில்லை.

19, செவ்வாய்

கொஞ்சம் வெயில். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர். புஷ்பம்தான் ஊற்றினாள். முகத்தில் தண்ணீர் வழியும்போதே சொல்லிவிட்டேன். "வெரட்டத்தான் கல்ல எறிஞ்சேன் புஷ்பம். கால ஒடைக்கணும்னு இல்ல."

தலையைத் துவட்டினாள்.  வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

20, புதன்

இவர் போன். குணமா என்றார். குணம் என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மட்டும். நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன்.

22, வெள்ளி

திரும்பவும் மழை. விடியற்காலையில் கொழுந்தன். புஷ்பத்துக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலாம். கோழி அடிக்கிறேன், சூப் வைத்துத் தருவீர்களா என்று கேட்டான். கோழியைத் தொடாதே என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த வாசல்படி.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நெற்றி கொதித்தது. "முதுகக் காட்டு" என்றேன். மெதுவாகச் சட்டையைத் தூக்கினாள். விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன்.

"இருக்கா, அக்கா?"