பனிக்கட்டிமேல் ஓர் இம்பாலா

லாத்தா,

இன்று காலை தமிழ்ப் பள்ளிக்குப் போகும் வழியில், காப்பெல் ஊர் சிக்னலில் ஒரு பழைய மஸ்டாங் கார் என் பக்கத்து லேனில் வந்து நின்றது. ஜன்னல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பாதி எரிந்த பெட்ரோல் வாசனை அதன் வழியாக உள்ளே வந்தது. இந்தக் காலத்துக் கார்கள் எதிலும் அந்த வாசனை கிடையாது. பின்சீட்டில் இருந்த மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "Amma, it stinks" என்றாள். நான் ஜன்னலை முழுவதுமாக இறக்கினேன். சிக்னல் பச்சைக்கு மாறியது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வகுப்பு முடிந்து குழந்தைகள் வெளியே வர இன்னும் நேரம் இருக்கிறது.

உங்களைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் காரைத்தான் பார்த்தேன். கல்யாணமாகி டெக்சாஸ் வந்த புதிது. லைசென்ஸ் இல்லை, வேலை பார்க்க அனுமதி இல்லை, தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. தினமும் சாயங்காலம் தெருவைச் சுற்றி நடப்பதுதான் என் உலகம். ஒருநாள் தெருமுனை வீட்டின் கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அது நின்றது. கடல் பச்சை நிறத்தில் ஒரு பழைய இம்பாலா. பின்பக்கம் இரண்டு புறமும் இறக்கை விரித்த மாதிரி தகடு வளைந்து விரிந்திருந்தது. அந்த இறக்கைகளுக்குக் கீழே, ஓரம் சாய்ந்த பூனைக் கண்கள் போல இரண்டு சிவப்பு விளக்குகள். பறக்கப் போகும் ஏதோ ஒன்று ஒரு நிமிடம் இறங்கி இளைப்பாறுவது போல் இருந்தது. நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டேன்.

கையில் துணியோடு நீங்கள் பக்கவாட்டில் இருந்து எழுந்தீர்கள். தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிய முக்காடு, கன்னத்தில் ஒரு கோடு கிரீஸ். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தமிழா?" என்று கேட்டீர்கள். தலையாட்டினேன். "தொட்டுப் பாரு புள்ள. நகம் படாம தொடு" என்றீர்கள்.

உங்கள் ஊர் பரங்கிப்பேட்டை என்பதும், பகலில் ஒரு பெரிய கம்பெனியின் டேட்டாபேஸ்களைக் கட்டி மேய்ப்பவர் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. ஆன்ட்டி என்று கூப்பிட்டபோது முகத்தைச் சுளித்தீர்கள். ஊரில் எல்லோரும் லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், நீயும் அப்படியே கூப்பிடு என்றீர்கள். எனக்கு அக்கா கிடையாது. அந்தச் சொல் வாயில் வந்து உட்கார இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

ஞாயிறு காலைகளில் என்னையும் ஏற்றிக்கொள்வீர்கள். முன்சீட்டு இந்தக் காலத்துக் கார்கள் போல இரண்டாகப் பிரியாமல் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே சோபாவாக இருக்கும். கூரைத் துணியை மடித்துவிட்டு, குதிரைகள் மேயும் வேலியோரச் சாலைகளில் போவோம். பெட்ரோல் போட எங்கே நிறுத்தினாலும் யாராவது வந்துவிடுவார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு தாத்தா வருவார். கைத்தடியோடு ஒரு பாட்டி வருவாள். எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். தன் அப்பா இதே வண்டியில்தான் தன்னைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டார் என்று சொல்லி ஒரு பெண்மணி கதவைத் தடவிக்கொண்டே அழுதது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒருவரைக்கூட நீங்கள் அவசரப்படுத்தியதில்லை.

கடைசியில் எல்லோரும் ஒரே கேள்விக்குத்தான் வருவார்கள். முக்காடு போட்ட ஒரு பெண்ணுக்கு இந்த வண்டி எப்படி வந்தது, உங்கள் அப்பாவுடையதா என்பார்கள். அப்பாவிடம் சைக்கிள்தான் இருந்தது என்பீர்கள். நானும் ஒருநாள் கேட்டேன். சின்ன வயதில் இம்பாலா எதையாவது பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள், அதை மறைக்கிறீர்கள் என்றே நினைத்திருந்தேன்.

"அழகா இருந்துச்சு, வாங்கினேன். அதுக்கு மேல என்ன காரணம் வேணும்?" என்றீர்கள்.

அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. எதை வாங்கினாலும் ஒரு அவசியத்தைச் சொல்லியே வாங்கிப் பழகிய வீட்டில் வளர்ந்தவள் நான்.

பிறகு அந்தப் பிப்ரவரி வந்தது. நான் நிறைமாதம். என் கணவர் ஆபீஸ் வேலையாக வேறு மாநிலத்தில் இருக்கும் பார்சிப்பனிக்குப் போயிருந்தார், வார முடிவில் திரும்பிவிடுவார் என்று ஏற்பாடு. திடீரென்று வானம் மாறி, டெக்சாஸ் முழுவதும் உறைந்து போனது. விமானங்கள் நின்றன. கரண்ட் போனது, திரும்பவே இல்லை. நீங்கள் நடந்தே வந்து, என் கையைப் பிடித்து, வழுக்கும் நடைபாதையில் அங்குலம் அங்குலமாக உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனீர்கள். உங்கள் வீட்டில் கேஸில் எரியும் கணப்பு இருந்தது. அதன் முன்னால் மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டோம். நான் அண்ணன் என்று கூப்பிடும் உங்கள் கணவர் கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினார். ஹாலின் ஒரு மூலையில் கம்பளி சுற்றி ஏதோ வைத்திருந்தீர்கள். குழந்தைக்கு வாங்கிய சாமானோ என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார். அது இம்பாலாவின் பேட்டரி. குளிரில் செத்துவிடக் கூடாதென்று கழற்றி உள்ளே கொண்டுவந்திருந்தீர்கள்.

இரண்டாம் நாள் விடிந்து, டீ குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வலி எடுத்தது. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் அவகாசம் இருந்தது. 911-ஐக் கூப்பிட்டோம். வருவோம், எப்போது என்று சொல்ல முடியாது, சாலையெல்லாம் வண்டிகள் சறுக்கிக் கிடக்கின்றன என்றார்கள். உங்கள் அன்றாடக் கார் மின்சாரக் கார். போன்களுக்கு சார்ஜ் ஏற்றியும் உள்ளே உட்கார்ந்து குளிர் காய்ந்தும் அதை வற்ற வைத்திருந்தோம். எனக்கு வலி விட்டுவிட்டு வந்தது. அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் அந்தக் கம்பளி மூட்டையைப் பார்த்தீர்கள்.

லேசான தூறலுக்கே அந்த வண்டியை வெளியே எடுக்காதவர் நீங்கள். அண்ணன் அதைத்தான் சொன்னார். பின்சக்கரத்தால் ஓடும் வண்டி, பின்பக்கம் லேசாக இருக்கும், ஐஸில் நிற்காது என்றார். நீங்கள் ஸ்டோர் ரூமுக்குப் போனீர்கள். அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்தீர்கள். பொன்னி, இட்லி அரிசி, ரமலானுக்காக வாங்கி வைத்த பாசுமதி. இருவருமாக அத்தனையையும் டிக்கியில் அடுக்கினீர்கள். நான்கு பேர் படுக்கலாம் போல அகலமான டிக்கி அது. வண்டியின் பின்பக்கம் மெல்ல இறங்கியது. பேட்டரியைத் திரும்ப மாட்டிவிட்டு, கரண்ட் இல்லாததால் கராஜ் கதவின் சிவப்புக் கயிற்றை இழுத்து விடுவித்து, கதவைக் கையால் தூக்கினீர்கள். வெளியே சரிவு முழுக்கக் கண்ணாடி போட்ட மாதிரி கிடந்தது. ஊறுகாய்க்கு வைத்திருந்த கல் உப்புப் பையைக் கொண்டுவந்து சக்கரத்தடியிலிருந்து தெரு வரை கைநிறைய அள்ளி வீசினீர்கள். பழைய வண்டிக்குத் துருவேற்றும் உப்பைவிடப் பெரிய எதிரி இல்லை என்று அடிக்கடி சொல்வீர்கள். வீசும்போது உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

பிஸ்மில்லா சொல்லி, ஆக்சிலேட்டரை இரண்டு முறை மிதித்துவிட்டுச் சாவியைத் திருப்பினீர்கள். ஒருமுறை இருமியது. மறுமுறை பிடித்துக்கொண்டது. அந்த உறுமல் கராஜ் சுவரில் மோதி என் வயிற்றுக்குள் கேட்டது.

எனக்கு வலது பக்கம் அண்ணன், இடது பக்கம் நீங்கள். நடக்கிற வேகத்தில் போனோம். நான் கத்திக்கொண்டே வந்தேன். ஃப்ரீவேயைக் கடக்கிற பாலத்தில் ஏறியதும் பின்பக்கம் நழுவியது. அவ்வளவு பெரிய உடம்பு, சத்தமே இல்லாமல், மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பியது. உலகமே திரும்புவது போல் இருந்தது. இறக்கை கம்பித் தடுப்பில் மோதி நசுங்கும் ஓசை கேட்டது. அண்ணன் கலிமா சொல்ல ஆரம்பித்தார். நீங்கள் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து என் முழங்கால்மேல் வைத்தீர்கள்.

"அடி வண்டிக்குத்தான் புள்ள, நமக்கில்ல. நான் ஓட்டுறேன். நீ மூச்சு விடு."

வண்டி நேரானது. பாலத்தின் இறக்கத்தில் ஒரு பெரிய லாரி குறுக்கே சிக்கிக் கிடந்தது, அதன் டிரைவர் கீழே நின்றுகொண்டிருந்தார். பனிமூட்டத்துக்குள்ளிருந்து கடல் பச்சை நிறத்தில் ஓர் இம்பாலா வருவதைப் பார்த்து அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில், கொரோனா காலம் என்பதால், கூட ஒருவரைத்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். "அந்த ஒருத்தி நான்தான்" என்று நீங்கள் ஆங்கிலத்தில் சொன்ன தோரணையில் அவர்கள் வேறெதுவும் கேட்கவில்லை. உச்சிப்பொழுதுக்கு முன்னால் என் மகள் பிறந்தாள். அவளை முதலில் ஏந்திய உங்கள் கையில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

பனி உருகியதும் நீங்கள் செய்த முதல் வேலை, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு உப்பைக் கழுவியது. இரண்டாவது வேலை, நசுங்கிய இறக்கையைச் சரிசெய்யக் கொடுத்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த நசுங்கல் என் மகளின் பிறந்தநாள் அடையாளம், அப்படியே இருக்கட்டும் என்று கெஞ்சினேன். உங்களுக்கு என் பேச்சே புரியவில்லை. அழகானதை அழகாகத்தான் வைத்திருக்க வேண்டும் என்றீர்கள். ஒரு மாதத்தில் இறக்கை பழையபடி வந்துவிட்டது. தேடித் தேடிப் பார்த்தேன், தழும்புகூட இல்லை.

நான் மட்டும் அந்தக் காலையை இறக்கி வைக்காமல் இருந்தேன். உங்களை அவ்வளவு பெரிய ஆபத்தில் இழுத்துவிட்டேனே என்ற எண்ணம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. ஒவ்வொரு பிறந்தநாளிலும் நன்றி சொல்ல வாயெடுப்பேன். "கேக் வெட்டுடி" என்று பேச்சை மாற்றுவீர்கள். அந்த நேரத்தில் எங்கோ பார்ப்பீர்கள். உங்களுக்கும் அந்தப் பயம் நினைவு வருகிறது போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நோய் வந்தபோது அது யாருக்கும் அவகாசம் கொடுக்கவில்லை. ரத்தத்தில் புற்று என்றார்கள். கடைசி வாரங்களில் ஒரு மதியம் கராஜுக்குக் கூட்டிப் போகச் சொன்னீர்கள். வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள், நான் பக்கத்தில் இருந்தேன். கை மெலிந்து வளையல் முழங்கை வரை போய் வந்தது. "எப்படிப் பண்ணிருக்கான் பாரேன்" என்று டாஷ்போர்டின் வளைவைத் தடவினீர்கள். அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவள் போல.

உங்கள் ஜனாஸா, அந்த இறுதித் தொழுகை, நடந்த அன்று காலை பள்ளிவாசல் பார்க்கிங்கில் நான் வந்து இறங்கியபோது எனக்குக் கண்கள் தடுமாறின. ஒரு பக்கம் முழுக்கப் பழைய கார்கள். நீல நிற பெல் ஏர், கறுப்பு கேடிலாக், சிவப்பு பிக்கப், இன்னும் பெயர் தெரியாதவை எத்தனையோ. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு நின்று பேசும் பழைய கார்க்காரர்கள் எல்லோரும் துடைத்து மினுக்கிய வண்டிகளோடு வந்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கௌபாய் தொப்பி. உள்ளே வரலாமா என்று தெரியாமல் ஒழுங்காக வரிசை கட்டி நின்றார்கள். இமாம் போய் ஒவ்வொருவராகக் கைகொடுத்து அழைத்து வந்தார். பெண்கள் பகுதியிலிருந்து பார்த்தேன். பின்வரிசையில் அந்த வெள்ளைக்காரப் பெரியவர்கள் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்ஸோடு, தலை குனிந்து நின்றார்கள்.

அண்ணன் உங்களோடு வேனில் ஏறினார். இம்பாலாவை, பெல் ஏர்காரரிடம் கொடுத்து ஓட்டி வரச் சொன்னார். என்னை அதில் ஏறிக்கொள்ளச் சொன்னார். அடக்கம் செய்யும் கபர்ஸ்தான் ஊருக்கு வெளியே, வயல்வெளி நடுவே. வேனுக்குப் பின்னால் இம்பாலா, அதற்குப் பின்னால் அத்தனை வண்டிகளும். எதிரே வந்த கார்கள் தாமாக ஓரங்கட்டி நின்றன. ஓர் அரசி போகிறாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அது சரியும்கூட.

பெல் ஏர்காரப் பெரியவர் இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஓட்டினார். பிறகு, அந்தப் பனி நாளில் பிறந்த குழந்தையின் அம்மா நீயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உங்களை அவ்வளவு பயப்பட வைத்துவிட்டேன், இன்றுவரை அதை என்னால் தாங்க முடியவில்லை என்றேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பயந்தாயா என்று அவரும் உங்களிடம் கேட்டிருக்கிறார். பாலம் வரைக்கும் பயம் இருந்தது, பாலத்தில் நழுவி நேரான பிறகு இல்லை என்று சொன்னீர்களாம். வண்டி அடுத்து என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்ததாம், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று வண்டிக்கும் தெரிந்ததாம். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் செய்ததில்லை என்றீர்களாம். பக்கத்தில் ஒரு பெண் வலியில் கத்துகிறாள், தனக்கோ சிரிப்பு வருகிறது, வெட்கமாக இருந்தது, அதனால் அவளிடம் மட்டும் இதைச் சொல்லவே இல்லை என்று சொன்னீர்களாம்.

உங்கள் மய்யித்தைச் சுமந்த வேனுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் லாத்தா. அழுகையும் கூடவே வந்தது. பெரியவர் தன் கைக்குட்டையை நீட்டினார்.

அந்தக் கல் இப்போது நெஞ்சில் இல்லை. அது இருந்த இடத்தில் உங்கள் சந்தோஷத்தை வைத்திருக்கிறேன். அன்று நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் பாதி வழி வந்தேன். ஓக் மரங்கள் ஒவ்வொரு கிளையிலும் கண்ணாடி பூத்து நின்றிருக்கும். வெள்ளை வெளேரென்ற சாலையில் நம் சக்கரத் தடம் மட்டும் இரண்டு கோடாகப் பின்னால் நீண்டிருக்கும். நீங்கள் அத்தனையையும் பார்த்துக்கொண்டு, சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறீர்கள். என்னிடம் சொல்லியிருக்கலாம். வலியோடு வலியாக நானும் கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்த்திருப்பேன்.